கரையிலிருந்து லூர் வீசி டிரவுட் பிடிக்கையில் வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நீர்த்தேக்கத்தின் கரையில் நின்று, டிரவுட் என்ற மீனுக்காக லூர் (இரைபோல் தோன்றும், தூண்டில் முள் கோத்த செயற்கைப் பொருள்) வீசுகிறவர்களில் பெரும்பாலோர், மீன் கிடைக்காத நாளில் முதலில் பெட்டியைத் திறந்து லூரைத்தான் மாற்றுகிறார்கள். வெள்ளி நிறத்தைக் கழற்றிவிட்டுச் செம்பு நிறத்தைக் கட்டுவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் புள்ளி போட்டதைத் தேடுவார்கள். பல ஆண்டுகள் அப்படியே செய்து பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு, நிறம் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய ஒன்று என்பதே. லூர் மீன் இருக்கும் இடத்தில் போகிறதா, மீன் இருக்கும் ஆழத்தில் போகிறதா, மீன் விரும்பித் துரத்தும் வேகத்தில் போகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகுதான் நிறத்தைப் பற்றி யோசிப்பதில் பொருள் உண்டு. கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணங்களை அந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். ஆழம், வேகம், லூர் மூன்றையும் சேர்த்து மாற்றிய பின் மீன் கவ்வினால், எதனால் கவ்வியது என்பது தெரியாமலே போய்விடும்.

இங்கே சொல்லப்படுபவை எல்லாம் இலகுவான கருவிகளை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை: 2.1 முதல் 2.7 மீட்டர் வரை நீளமுள்ள, நுனி இளகிய கோல், 2000 அல்லது 2500 அளவு ஸ்பின்னிங் ரீல் (தூண்டில் இழையைச் சுற்றும் கருவி), 0.18 முதல் 0.22 மில்லிமீட்டர் நைலான் நரம்பு (தூண்டில் இழை), அல்லது அதைவிட மெல்லிய பிரெய்டு (பின்னிய) நரம்போடு ஒன்றரை மீட்டர் ஃப்ளோரோகார்பன் லீடர் (நரம்பின் முனையில், லூருக்கு முன் கட்டும் துண்டு); 3 முதல் 12 கிராம் வரையிலான ஸ்பின்னர் (சுழலும் தகடுள்ளது), ஸ்பூன் (கரண்டி வடிவத் தகடு), சிறு மீன் வடிவ லூர்கள்.

மணிக்கணக்காக வீசியும் ஒரு கொத்துகூட இல்லை

முதலில் நீரின் வெப்பநிலையைப் பாருங்கள். வானவில் டிரவுட்டும் பழுப்பு டிரவுட்டும் குளிர்நீர் மீன்கள். ஏறத்தாழ 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரையிலான நீரில் அவை சுறுசுறுப்பாக இரை தேடும். 20 பாகையைத் தாண்டினால் சோர்ந்துபோகும். வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனும் குறைகிறது. கடல் மட்டத்தில் 10 பாகை நீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்திருக்க முடியும் என்றால், 20 பாகை நீரால் 9 மில்லிகிராம்தான் முடியும். ஆகவே கோடையில் கரையோர நீர் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போது, அங்கே எந்த லூரை வீசினாலும் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவதாகவே முடியும்.

கோடையில் ஆழமான நீர்த்தேக்கம் அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும். வெயிலில் சூடான இலேசான நீர் மேலே மிதக்க, குளிர்ந்த கனமான நீர் அடியில் தங்க, இரண்டுக்கும் நடுவே வெப்பநிலை சடாரென்று இறங்கும் ஓர் இடை அடுக்கு அமைகிறது. டிரவுட்டுகள் பெரும்பாலும் அந்த இடை அடுக்கை ஒட்டியே திரியும். கோடை முற்றும்போது அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதும் உண்டு. அப்போது மேலே சூடு, கீழே மூச்சுத்திணறல் என்று மீன் நடுவில் ஒரு மெல்லிய பட்டையில் நெருக்கப்படுகிறது. கரையில் நிற்பவருக்கு அந்தப் பட்டை எட்ட வேண்டுமானால், கரை செங்குத்தாக இறங்கும் இடமாகத் தேட வேண்டும். பழைய ஆற்றுப் படுகை வளைந்து கரையை நெருங்கும் இடம், பாறைச் சரிவு, குளிர்ந்த ஓடை வந்து கலக்கும் முகத்துவாரம் ஆகியவை அப்படிப்பட்டவை. மென்சரிவான மணல் கரையில் அறுபது மீட்டர் வீசினாலும் லூர் மூன்று மீட்டர் ஆழத்தைத் தாண்டாது.

வெப்பமானியைச் சிறு ஈயக்குண்டோடு நரம்பில் கட்டி, செங்குத்தான கரையில் இறக்கி, இரண்டு நிமிடம் வைத்துச் சட்டென்று தூக்கிப் பார்த்தால் ஓரளவு கணக்கு கிடைத்துவிடும். இந்தச் சிறு வேலையைச் செய்ய மனமில்லாமல் நான் வீணாக்கிய காலை நேரங்கள் அநேகம்.

அடுத்தது ஆழம். லூர் நீரில் விழுந்த நொடியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். நரம்பு தளரும்போது லூர் தரையைத் தொட்டுவிட்டது என்று பொருள். பன்னிரண்டு எண்ணும்போது தரை தட்டினால், அடுத்த வீச்சில் பத்தில் சுற்றத் தொடங்குங்கள். அதற்கடுத்து எட்டு, ஆறு, நான்கு என்று மேலேறி வாருங்கள். மீன் கவ்விய எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், அன்றைக்கு அந்த இடத்தில் அதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை. டிரவுட்டின் கண் தனக்கு முன்னும் மேலும் இருப்பதை நன்றாகக் காணும். தனக்குக் கீழே போவதைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. எனவே ஐயம் வரும்போது, மீன் இருப்பதாகக் கருதும் ஆழத்துக்குச் சற்று மேலாகவே லூரைக் கொண்டுபோவது நல்லது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: கரையிலிருந்து சுற்றும்போது நரம்பு லூரை மேல்நோக்கியே இழுக்கிறது. கோலின் நுனியை நீர்மட்டத்துக்கு அருகே தாழ்த்திப் பிடித்து, இடையிடையே சுற்றுவதை நிறுத்தி லூரை மீண்டும் இறங்கவிட்டால்தான் அது ஒரே ஆழத்தில் பயணம் செய்யும். பிரெய்டு நரம்பு நீரைவிட இலேசானது, மிதக்கும். ஃப்ளோரோகார்பன் நீரைப் போல ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தியானது, மூழ்கும். ஒரே லூர் இரண்டு நரம்புகளில் இரண்டு ஆழங்களில் நீந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆழமும் சரியாக இருந்து கொத்து இல்லையென்றால் காற்றைக் கவனியுங்கள். குளிர்ந்த பருவங்களில் காற்று மோதும் கரையே நல்ல கரை. அலை மேற்பரப்பு உணவை அங்கே கொண்டு சேர்க்கிறது. நீர் கலைந்திருப்பதால் வெளிச்சம் மட்டுப்பட்டு, மீன் அச்சமின்றிக் கரையை நெருங்குகிறது. முகத்தில் காற்றடிக்க வீசுவது சிரமம் என்பதால் பலரும் அமைதியான எதிர்க்கரைக்குப் போய்விடுகிறார்கள். மீனோ இந்தப் பக்கம் நிற்கிறது. கடுங்கோடையில் மட்டும் இந்த விதி தலைகீழாகலாம். நாள் முழுதும் ஒரே திசையில் வீசும் காற்று சூடான மேல்நீரைத் தன் போக்கில் தள்ளிக் குவிக்க, காற்று புறப்படும் கரையில் அடியிலிருந்து குளிர்நீர் மேலெழும்.

கடைசியாக, உங்கள் காலடியைச் சந்தேகியுங்கள். விடியற்காலையில் டிரவுட் கரையிலிருந்து பத்து மீட்டருக்குள் திரிவது மிகச் சாதாரணம். வந்ததும் வராததுமாக நீருக்குள் இறங்கி நின்று தொலைதூரத்துக்கு வீசுகிறவர், மீன் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டு மீன் இல்லாத இடத்தில் தேடுகிறார். முதல் சில வீச்சுகளை விளிம்பிலிருந்து நான்கடி பின்னால் நின்று, கரைக்கு இணையாக இரு புறமும் வீசுங்கள். பிறகு விசிறி விரிப்பதுபோல் கோணத்தை மாற்றி மாற்றி முழுவதையும் தேடி முடித்து, கொத்து இல்லையென்றால் முப்பது மீட்டர் நகருங்கள். புதிதாக மீன் விடப்பட்ட நீர்த்தேக்கமாக இருந்தால், முதல் சில நாட்கள் அவை விடப்பட்ட இடத்தை ஒட்டியே கூட்டமாகச் சுற்றும். அங்கே ஒரே இடத்தில் காத்திருப்பதும் பலிக்கும். நாட்பட்ட மீனைத் தேடித்தான் போக வேண்டும்.

விடியலில் கிடைத்தது, வெயில் ஏறியதும் நின்றுவிட்டது

டிரவுட்டின் கண்ணுக்கு இமை இல்லை. ஒளி நேராக இறங்கத் தொடங்கியதும் அது ஆழத்தையோ நிழலையோ நாடிப் போகிறது. அதன் உணவான டாப்னியா போன்ற மிக நுண்ணிய நீர்வாழ் உயிரிகளும் இரவில் மேலெழுந்து பகலில் கீழிறங்குபவை. மீன் இடம் மாறுவதற்கு அது இன்னொரு காரணம். எனவே காலையில் மூன்று எண்ணிச் சுற்றிய லூரை ஒன்பது மணிக்குப் பத்து எண்ணிச் சுற்ற வேண்டியிருக்கும். செங்குத்தான கரையின் நிழல் விழும் பக்கத்துக்கு நகருங்கள். ஸ்பின்னரை விட்டுவிட்டு, வேகமாக மூழ்கும் கனமான ஸ்பூனைக் கட்டுங்கள். மேகம் மூடும்போதும் காற்று எழும்பும்போதும் பழைய ஆழத்தை மறுபடி சோதியுங்கள். பத்து நிமிட மேகத்தில்கூட மீன் மேலே வரக்கூடும்.

மீன் பின்தொடர்ந்து வருகிறது, கவ்வாமல் திரும்பிவிடுகிறது

இந்த அறிகுறியைக் கண்டால் உண்மையில் மகிழ வேண்டும். இடமும் ஆழமும் சரி என்பதை மீனே வந்து சொல்லிவிட்டது. மீதமிருப்பது லூரின் நடத்தை.

சீரான வேகத்தில் நேர்கோட்டில் போகும் பொருளை டிரவுட் வெகுதூரம் வேடிக்கை பார்த்தபடியே தொடரும். தப்பியோடும் சிறுமீன் அப்படிப் போவதில்லை என்பதே அதன் தயக்கத்துக்குக் காரணம் என்று கருதுகிறேன். கைப்பிடியை இரண்டு சுற்று விரைவாகச் சுற்றி, ஒரு நொடி நிறுத்துங்கள். கோலின் நுனியை இடமிருந்து வலமாகக் கொண்டுபோய் லூரின் திசையைத் திருப்புங்கள். ஸ்பூனாக இருந்தால், நிறுத்தும்போது அது இலைபோல் அசைந்து விழும். கவ்வல் பெரும்பாலும் அந்த விழுகையில் வருகிறது. மீன் பின்னால் வருவதைப் பார்த்ததும் பதற்றத்தில் வேகத்தைக் குறைப்பது எல்லோருக்கும் இயல்பாக வருகிறது, அது தவறு. அந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டுவதே பல தடவை பலன் தந்திருக்கிறது. கரையிலிருந்து கடைசி ஒரு மீட்டர் வரை லூரை உயிரோடு வைத்திருங்கள். கால்மாட்டில் வந்து கவ்விய மீன்கள் குறைவல்ல.

இதற்குப் பிறகும் மறுத்தால் அளவைக் குறையுங்கள். 7 கிராமுக்குப் பதில் 4 கிராம் போதும். அதன் பிறகே நிறம். தெளிந்த நீரிலும் கடும் வெயிலிலும் பளபளக்கும் வெள்ளியைவிட மங்கலான செம்பும் கருப்பும் நம்பத்தக்கவை. ஆழத்தில் சிவப்பு முதலில் மங்கிவிடும் என்பதால், ஐந்தாறு மீட்டருக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள் லூருக்கு எதையும் சேர்ப்பதில்லை. பிரெய்டு நரம்பை லீடர் இல்லாமல் நேராகக் கட்டியிருந்தால் அதையும் இப்போதே திருத்துங்கள்.

ஒரே மீனுக்கு ஒரே கோணத்தில் மூன்று முறைக்கு மேல் வீச வேண்டாம். ஐந்து நிமிடம் விட்டு, வேறு பக்கத்திலிருந்து வீசுங்கள்.

தட்டுவது தெரிகிறது; முள் ஏறவில்லை

முள்ளின் கூர்மையே முதல் சந்தேகம். முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல வைத்து இழுங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, பதிந்து நின்றால் கூராக இருக்கிறது. நீர்மட்டம் இறங்கிய நீர்த்தேக்கத்தின் கரை முழுதும் கல்லாக இருப்பதால், காலையில் கூராக இருந்த முள் மதியத்துக்குள் மழுங்கிவிடுகிறது. சிறு அரம் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

முள் கூராக இருந்தால் உங்கள் கையைப் பாருங்கள். தட்டல் உணர்ந்த கணமே கோலை வெடுக்கென்று இழுப்பவர், மீனின் வாயிலிருந்து லூரைப் பறித்துவிடுகிறார். சுற்றுவதை நிறுத்தாமல் தொடர்ந்து, பாரம் இறங்கிய பிறகு கோலைப் பக்கவாட்டில் உறுதியாக நகர்த்தினால் போதும். பக்கக் காற்றில் நரம்பு வில்லாக வளைந்து நின்றால் தட்டலே தாமதமாகத்தான் கைக்கு வரும். நுனியைத் தாழ்த்தி, காற்றின் போக்கை ஒட்டி வீசி அந்த வளைவைக் குறையுங்கள்.

மீன் வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகிறதென்றால், ரப்பர் வால் உள்ள லூரில் வாலைச் சற்று நறுக்குங்கள். ஸ்பூனில் முள்ளை இன்னொரு சிறிய ஸ்பிளிட் ரிங் (இணைப்பு வளையம்) சேர்த்துப் பின்னுக்குத் தள்ளுங்கள். முள்ளில் பாசி இழை தொற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். நீர்ச்செடி உரசுவதும் தட்டல் போலவே இருக்கும்.

சிக்கிய மீன் கரைக்கு வருமுன் கழன்றுவிடுகிறது

பெரும்பாலும் இது டிராக்கின் குற்றம். ரீல் எந்த இழுவிசையில் நரம்பை விட்டுக்கொடுக்கிறது என்பதுதான் டிராக். அது நரம்பின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 3 கிலோ தாங்கும் நரம்பென்றால் முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை. கையால் இழுத்து ஊகிக்காமல், ஒரு முறையாவது வில்தராசை நரம்பில் மாட்டி, கோலை வளைத்துப் பிடித்து அளந்து பாருங்கள். டிரவுட்டின் வாய் மென்மையானது. டிராக் இறுக்கமாக இருந்தால் முள் குத்திய துளை கிழிந்து அகன்றுவிடும். தளர்ந்திருந்தால் முள் முழுதாக ஏறவே ஏறாது. நீண்டுகொடுக்காத பிரெய்டு நரம்பில் இந்தப் பிழை இரட்டிப்பாகத் தெரியும்; விறைப்பான கோலும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை.

மீன் துள்ளும்போது கழன்றால், கோலை வானத்தை நோக்கி நிமிர்த்திப் பிடித்திருந்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள். உயர்ந்த கோல் மீனை மேற்பரப்புக்கு இழுத்துத் துள்ள வைக்கிறது. கோலைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் துள்ளல் குறையும். நான் மும்முனை முள்ளைக் கழற்றிவிட்டு, எதிர்முள் (முனைக்குப் பின்னால் எதிர்த்திசையில் நீட்டியிருக்கும் சிறு கூர்) நசுக்கிய ஒற்றை முள்ளைப் பயன்படுத்துகிறேன். கழன்றுபோகும் மீன் அதனால் பெருகியதாகத் தோன்றவில்லை. அகன்ற ஒற்றை முள் ஆழமாகப் பிடிக்கிறது, கழற்றவும் எளிது. ஆனால் நரம்பு ஒரு நொடியும் தளரக் கூடாது என்ற ஒழுக்கத்தை அது கேட்கும்.

கால்மாட்டில் வந்து தவறும் மீன்களுக்குக் காரணம் வேறு. கைவலையைக் கண்டதும் மீன் கடைசி முறையாகப் பாயும் என்பதை எதிர்பார்த்து, பத்து மீட்டருக்குள் வந்ததும் டிராக்கைச் சற்றுத் தளர்த்துங்கள். வலையை நீரில் அமிழ்த்தி அசையாமல் வைத்து, மீனைத் தலை முன்னாக அதன் மேல் கொண்டுவாருங்கள். வலையை வீசி அள்ள முயன்றால் வலை விளிம்பு முள்ளில் மாட்டிக்கொள்ளும். எங்கே நின்று மீனைக் கரை சேர்ப்பது என்பதை முதல் வீச்சுக்கு முன்பே முடிவுசெய்யுங்கள். நீர் வடிந்த கரையில் வெளிக்குக் காய்ந்ததுபோல் தெரியும் சேறு, மிதித்தால் முழங்கால் வரை இழுத்துவிடும். மதகு, வழிந்தோடி ஆகியவற்றின் அருகே நீர் எந்த நேரத்திலும் வேகமெடுக்கக் கூடும். மீனின் பின்னால் போகிற கண் இவற்றைப் பார்க்காது.

நரம்பு அறுகிறது

அறுந்த முனையைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பாருங்கள். காரணம் அதிலேயே எழுதியிருக்கும். முனை பன்றிவால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. எச்சிலால் நனைக்காமல் இறுக்கியதும், பிரெய்டு நரம்புக்கு நைலானுக்குரிய முடிச்சைப் போட்டதும் இதற்கு வழக்கமான காரணங்கள். பிரெய்டுக்கு நரம்பை இரட்டையாக்கிப் போடும் பாலோமர் முடிச்சு பாதுகாப்பானது. முனைக்கு மேலே ஒரு சாண் தூரம் சொரசொரப்பாக இருந்தால் கல்லில் தேய்ந்திருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் கடைசி அரை மீட்டரை விரல்களிடையே உருவிப் பார்த்து, கரடு தட்டினால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். இரண்டும் இல்லாமல் சுத்தமாக அறுந்து, அதுவும் வெவ்வேறு இடங்களில் அறுகிறதென்றால், கோலின் வளையங்களில் ஒன்று விரிசல் விட்டிருக்கும். பஞ்சுத் துண்டை ஒவ்வொரு வளையத்திலும் சுழற்றுங்கள். இழை பிடித்துக்கொள்ளும் வளையமே குற்றவாளி. வீசும்போதே அறுந்து லூர் மட்டும் பறந்தால், பெயில் கம்பி (வீசுவதற்குத் திறந்து, சுற்றுவதற்கு மூடும் ரீலின் வளைகம்பி) நடுவீச்சில் தானாக மூடிக்கொள்கிறது என்று சந்தேகியுங்கள். நைலான் நரம்பு வெயிலில் நாளடைவில் வலுவிழக்கும் என்பதால், கிடங்கில் கிடந்த பழைய சுருளின் மேல் எழுதியிருக்கும் எடையை நம்ப வேண்டாம்.

நரம்பு முறுக்கேறுகிறது, ரீலில் கொத்தாகச் சிக்குகிறது

ஸ்பின்னரின் தகடு மட்டும் சுழல வேண்டும். முழு லூரும் சுழன்றால் முறுக்கு நரம்பில் ஏறும். தண்டு வளைந்திருந்தால் நிமிர்த்துங்கள், வேகத்தைக் குறையுங்கள், லீடருக்கு மேலே தரமான ஸ்விவல் (சுழலும் இணைப்பு) ஒன்றைச் சேருங்கள். பலர் அறியாத இன்னொரு காரணம் உண்டு. மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓட, டிராக் கிரீச்சிடும்போதே பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றுவதுதான் அது. 5:1 விகித ரீலில் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஐந்து முறை சுழல்வது) அப்படிச் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் நரம்பில் ஐந்து முறுக்குகள் ஏறுகின்றன. டிராக் ஓடும்போது கை நிற்க வேண்டும்.

ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) நிரம்பி வழிந்தாலும் சிக்கல் வரும். விளிம்புக்கு ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் குறைவாக நிரப்புங்கள். லூர் நீரைத் தொட்டதும் பெயில் கம்பியைக் கையால் மூடி, நரம்பை ஒரு முறை இழுத்து இறுக்கிய பிறகே சுற்றத் தொடங்கினால், தளர்ந்த வளையம் ஸ்பூலில் சிக்கி அடுத்த வீச்சில் முடிச்சாக வெளிவருவது ஏறக்குறைய நின்றுவிடும். ஏறிவிட்ட முறுக்கை எடுக்க, லூரைக் கழற்றிவிட்டு வெறும் நரம்பைப் புல்வெளியில் முழு நீளத்துக்கும் இழுத்துப் போட்டு, விரலிடுக்கில் பிடித்தபடி மெல்லச் சுற்றி எடுங்கள். பிரெய்டு நரம்பு ஸ்பூலின் மேல் அப்படியே வழுக்கிச் சுழன்றால், அடியில் சில சுற்று நைலான் போடாததுதான் காரணம்.

வீச்சு தூரம் போதவில்லை

ஸ்பூலில் நரம்பு குறைந்திருக்கிறதா, நரம்பு தடித்திருக்கிறதா, லூர் கோலுக்கு ஏற்ற எடையில் இருக்கிறதா என்று பாருங்கள். வீசுமுன் கோல் நுனிக்கும் லூருக்கும் இடையே அரை மீட்டர் தொங்கவிடுங்கள். உறைகுளிரில் வளையங்களில் பனி படிந்தாலும் தூரம் குறையும். ஆனால் தூரம் போதாததால்தான் மீன் கிடைக்கவில்லை என்ற முடிவுக்கு எளிதில் வர வேண்டாம்.

லூர் அடிக்கடி மாட்டிக்கொள்கிறது

நீர்த்தேக்கத்தின் அடியில் கிடப்பது ஒரு காலத்தில் நிலமாக இருந்தது. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளும் பழைய வேலிகளும் சுவர்களும் அங்கேயே இருக்கின்றன. மீனும் அவற்றை ஒட்டியே இருக்கிறது. நீர் மிகவும் வடிந்த பருவத்தில் ஒரு முறை கோலில்லாமல் வந்து, தரை தெரியும் கரையை நடந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைகள் எங்கே, பள்ளம் எங்கே, பாறை எங்கே முடிகிறது என்பதை நீர் ஏறிய பிறகு எந்தக் கருவியும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

மாட்டிக்கொண்டால் உடனே பலமாக இழுக்காதீர்கள். முள் இன்னும் ஆழமாகப் பதியும். நரம்பை இறுக்கி, ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் இடையே வில் நாண்போல் இழுத்து விடுங்கள். அந்த அதிர்வில் பாதி மாட்டல்கள் விடுபடும். இல்லையென்றால் கரையோரமாக இருபது முப்பது மீட்டர் நடந்து, எதிர்க்கோணத்திலிருந்து இழுங்கள். அறுத்தே ஆக வேண்டுமென்றால் பிரெய்டு நரம்பைக் கையில் சுற்றி இழுக்க வேண்டாம், விரலை வெட்டிவிடும். ஒரு குச்சியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோலை நேராக வைத்து இழுங்கள். கைக்கு வந்த நரம்புத் துண்டைக் கரையில் போடாமல் எடுத்துச் செல்லுங்கள். பறவைகளின் கால்களை அது முடமாக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

மழைக்குப் பின் நீர் கலங்கியிருக்கிறது, அல்லது நீர்மட்டம் மாறியிருக்கிறது

கலங்கல் நீரில் டிரவுட் தன் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பால் அதிர்வை உணர்ந்தே இரையைத் தேடும். அகன்ற தகடுள்ள ஸ்பின்னரை மெதுவாக, கரையை ஒட்டி இழுங்கள். தெளிந்த நீரும் கலங்கிய நீரும் சந்திக்கும் கோடு தெரிந்தால் அந்தக் கோட்டின் மேலேயே போகட்டும். நீர்மட்டம் ஏறும்போது புதிதாக மூழ்கும் புல்லிலிருந்து மண்புழுவும் பூச்சியும் வெளிப்படுவதால் மீன் கரைக்கு வருகிறது. விரைவாக இறங்கும்போது ஆழம் குறைந்த பகுதிகளை விட்டு விலகிவிடும். நீங்களும் செங்குத்தான கரைக்குப் போங்கள்.

விடுவித்த மீன் நிமிராமல் சாய்கிறது

இதற்கும் காரணம் பெரும்பாலும் முன்னதாகவே நடந்திருக்கும்: மெல்லிய நரம்பில் நெடுநேரம் போராடவிட்டது, உலர்ந்த கையால் பிடித்துச் செதிள்மேல் உள்ள வழவழப்பான காப்பைத் துடைத்தது, படம் எடுப்பதற்காகக் காற்றில் வைத்திருந்தது, கரைக் கல்லில் கிடத்தியது. மீனை நீரிலேயே வைத்து, நனைந்த கையால், முடிச்சில்லாத ரப்பர் வலைக்குள் முள்ளைக் கழற்றுங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் நோண்டாமல் நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள். சாய்கிற மீனை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். பின்னோக்கி இழுக்கும்போது செவுள் வழியாக நீர் தவறான திசையில் போகிறது. வாலடியில் தளர்வாகப் பிடித்து, வயிற்றுக்கடியில் ஒரு கையால் தாங்கி, நிமிர்ந்த நிலையில் அசையாமல் வைத்திருங்கள். ஓடை நீர் கலக்குமிடமாக இருந்தால் தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கட்டும். அதுவாகவே உதறிக்கொண்டு போகும் வரை கையை எடுக்காதீர்கள். செவுளிலிருந்து இரத்தம் வடியும் மீன் பிழைப்பது அரிது; அங்குள்ள விதி அனுமதித்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் மீன்கள் சாய்ந்தால், வெப்பமானியை மறுபடி நீரில் இடுங்கள். 20 பாகையைத் தொட்டிருந்தால், நல்ல முறையில் விடுவித்த மீனும் அந்தச் சூட்டில் மீள்வது கடினம். அன்றைக்குக் கோலை மடக்கிவிட்டு, நீர் குளிர்ந்திருக்கும் மறுநாள் விடியலில் வாருங்கள்.